புரோட்டோடைப்புக்கு எந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சிறு நிறுவனங்களுக்கும், தனியாளாகப் புதுப் பொருள் செய்து பார்ப்பவர்களுக்கும் சர்க்யூட் வேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. வாரத்துக்கு நாலைந்து பேராவது போன் போட்டு, புரோட்டோடைப் (முதல் மாதிரி) செய்ய எந்த மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) போர்டை எடுக்கலாம் என்று இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். நானும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணம் முழுக்க ஒன்றுதான்: சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாகப் போட்டு, தானாக நிறுத்தும் ஒரு கருவி. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இதைச் செய்ய நினைக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாடுலர் மாடுலர்னு சொல்றீங்களே, எல்லா போர்டும் அப்படித்தானே?

ஓரளவுக்கு அப்படித்தான். மூளையாக ஒரு போர்டு, அதோடு சால்டரிங் இல்லாமல் சேர்க்கிற சென்சார், டிஸ்ப்ளே, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மாட்யூல்கள், இதுதான் மாடுலர் என்பதன் பொருள். சேர்க்கிற விதம் மூன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது (ஆர்டுயினோ ஷீல்டு, அடாஃப்ரூட் ஃபெதர், 54 மில்லிமீட்டர் சதுரத்தில் வரும் எம்5ஸ்டாக்). நாலு கம்பிக் கேபிளில் கோர்ப்பது (சீட் நிறுவனத்தின் குரோவ், ஸ்பார்க்ஃபன் 2017-ல் கொண்டுவந்த குவிக், அதோடு பொருந்தும் அடாஃப்ரூட்டின் ஸ்டெம்மா க்யூடி). சாக்கெட்டில் சொருகுவது (செர்பியாவின் மைக்ரோஇ நிறுவனம் வைத்த மைக்ரோபஸ், அதில் சொருகும் கிளிக் போர்டுகளே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன).

இந்த மூன்றில் எது என்பது அழகு சமாசாரம் மாதிரித் தெரியும். ஆனால் பின்னால் வருகிற தொல்லை எந்தப் பக்கமிருந்து வரும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அடுக்குவதில் பின் (போர்டின் இணைப்பு ஊசி) மோதும், கேபிளில் ஐ2சி (இரண்டு கம்பியில் பல சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) மோதும், சாக்கெட்டில் காசு மோதும்.

ஆர்டுயினோ உனோ கையில இருக்கு சார். அதுலேயே ஆரம்பிச்சா தப்பா?

தப்பே இல்லை. 2005-ல் இத்தாலியின் இவ்ரியாவில் ஒரு டிசைன் பள்ளி மாணவர்களுக்காக உருவான போர்டு வரிசை அது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவரும் ஒரு மாலைக்குள் எல்இடியை மின்ன வைத்துவிடலாம் என்பதுதான் அதன் பலம், இன்றைக்கும் அதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய உனோவில் இருப்பது ஏடிமெகா328பி. 16 மெகாஹெர்ட்ஸ், 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம். 128க்கு 64 புள்ளி ஓஎல்இடி ஒன்றை மாட்டினால் அதன் படத்துக்கே 1024 பைட் போய்விடும், அதாவது பாதி ரேம் காலி. அதற்கப்புறம் புரோகிராம் காரணமே சொல்லாமல் கிறுக்குத்தனம் பண்ணும். நீங்கள் சென்சாரைச் சந்தேகப்பட்டு இரண்டு நாளை வீணடிப்பீர்கள். 2023-ல் வந்த உனோ ஆர்4-ல் ரெனெசாஸ் சிப், 32 கிலோபைட் ரேம், அதனால் இந்தத் தொல்லை குறைவு.

அதெல்லாம் விடுங்க, எது பெஸ்ட்டு? ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் இந்தப் பக்கமே தேவையில்லை. முதலில் இந்த புரோட்டோடைப் எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று எழுதி வையுங்கள். நம் தொட்டிக் கருவியில் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. தண்ணீர் மட்டத்தைச் சரியாக அளக்க முடியுமா? வீட்டில் இருக்கும் பெரியவர் இதைப் பயமில்லாமல் பயன்படுத்துவாரா? மோட்டாருக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் தாங்குமா? முதல் கேள்விக்கு உனோவும் பிரெட்போர்டும் (சால்டரிங் இல்லாமல் கம்பி சொருகும் துளைப் பலகை) போதும். இரண்டாவதற்கு டிஸ்ப்ளேயும் பட்டனும் பெட்டியும் சேர்ந்தே வரும் எம்5ஸ்டாக் மாதிரி ஒன்று அருமை. மூன்றாவதற்கு இவை எதுவுமே பதில் சொல்லாது, அதற்குச் சொந்த பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் பலகை) வேண்டும்.

சரி, இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். வைஃபை வேண்டுமென்றால் ஈஎஸ்பி32. ரேடியோ வேண்டாம், விலை குறைவாக வேண்டும் என்றால் ராஸ்பெரி பை பிகோ, 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்தது, இரண்டு கோர், 264 கிலோபைட் ரேம். மோட்டார் கட்டுப்பாடு, துல்லியமான டைமிங், தொழிற்சாலைக்குள் போகிற பொருள் என்றால் எஸ்டிஎம்32 நியூக்ளியோ. நியூக்ளியோ போர்டிலேயே டீபக்கர் இருக்கிறது. புரோகிராமை வரிக்கு வரி நிறுத்திப் பார்க்கலாம். அதன் அருமை, சீரியல் பிரிண்ட் போட்டே காலம் தள்ளியவர்களுக்குத்தான் தெரியும்.

டேட்டாஷீட்ட பார்த்து ஒப்பிட்டா போதாதா? நீங்க எப்படித்தான் முடிவு பண்றீங்க?

டேட்டாஷீட்டில் மெகாஹெர்ட்ஸ் இருக்கும், என் வேலைக்கு அது கடைசிக் கவலை. நான் செய்வது இதுதான்: ஒரு சனி ஞாயிறு ஒதுக்கி, பொருளில் வரப்போகும் எல்லா மாட்யூலையும் ஒரே நேரத்தில் மாட்டி, ஒன்றுக்கும் உதவாத ஒரு சோதனை புரோகிராமை எழுதி ஓட விடுவேன். ஒவ்வொன்றும் விநாடிக்கு ஒருமுறை ஏதாவது செய்தால் போதும். அதற்கு முன்னால் காகிதத்தில் பின் வரைபடம் போட்டு எந்த மாட்யூல் எந்தப் பின்னைத் தின்கிறது என்று குறித்துக்கொள்வேன். பாதிப் பிரச்சினை காகிதத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் சீண்டல் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சென்சாரைப் பிடுங்கினால் மற்றவை ஓடுகின்றனவா, மின்சாரத்தை இருபது முறை போட்டு நிறுத்தினால் இருபது முறையும் எழுந்திருக்கிறதா, வைஃபை ரௌட்டரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் தானாகச் சேர்ந்துகொள்கிறதா. நம் ஊரில் கரண்ட் போய் வருவது தினப்படி விஷயம், அதில் தேறாத போர்டை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இந்த போர்டையும் மாட்யூல்களையும் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் சிப்புகளை மட்டும் என் பிசிபியில் வைத்தால் இதே கோடு (புரோகிராம்) ஓடுமா? சர்க்யூட் வரைபடம் வெளியே கிடைக்கிறதா? சிப் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா? இதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அந்த போர்டில் டெமோ காட்டலாம், அதோடு நிறுத்திக்கொள்வேன்.

தனித்தனியா மாட்டினா எல்லாம் ஓடுது, சேர்த்து மாட்டினா ஒண்ணும் ஓடல. என்ன கொடுமை இது?

எனக்கு வருவதில் பாதிப் போன் இதுதான். பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதல் காரணம் முகவரி மோதல். ஐ2சி என்பது ஒரே தெருவில் எல்லாரும் குடியிருப்பது மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு எண் வேண்டும். பிஎம்இ280 வெப்பநிலை சென்சாருக்கு ஹெக்ஸ் (16 அடிப்படை எண்முறை) 76, 77 என்று இரண்டே எண்கள்தான். மூன்றாவது ஒன்றை அதே தெருவில் வைக்க முடியாது. டிசிஏ9548ஏ என்ற மல்டிபிளெக்சரைப் போட்டால் தெருவை எட்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது: புல்-அப் ரெசிஸ்டர், அதாவது சும்மா இருக்கும்போது கம்பியை மேல் வோல்டேஜில் பிடித்து வைப்பது. மாட்யூல் செய்கிற ஒவ்வொருவரும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று தங்கள் போர்டில் 4.7 கிலோஓம் வைத்துவிடுகிறார்கள். ஐந்து மாட்யூலைக் கோர்த்தால் ஐந்தும் பேரலலில் சேர்ந்து 940 ஓம் ஆகிவிடும். 3.3 வோல்ட்டில் கம்பியைக் கீழே இழுக்க மூன்றரை மில்லிஆம்பியர் வேண்டும், ஐ2சி விதிப்படி சாதாரண வேகத்தில் ஒரு சிப் இழுக்க வேண்டியது 3 மில்லிஆம்பியர்தான். அதனால் சில சிப் சமாளிக்கும், சில சிப் மக்கர் பண்ணும், காலையில் ஓடும் மாலையில் ஓடாது. இதற்காகவே நல்ல மாட்யூல்களில் புல்-அப்பைத் துண்டிக்க ஒரு சின்ன ஜம்பர் வைத்திருப்பார்கள், ஒரே ஒரு மாட்யூலில் மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். கேபிளை மீட்டர் கணக்கில் இழுப்பதும் இதே வகைத் தவறுதான், கம்பியின் கெபாசிட்டன்ஸ் 400 பிகோஃபாரட்டைத் தாண்டக்கூடாது.

மூன்றாவது, ஒரே பின்னை இரண்டு பேர் கேட்பது. ஷீல்டுகளில் இது சகஜம், எஸ்டி கார்டும் டிஸ்ப்ளேயும் ஒரே எஸ்பிஐ செலக்ட் பின்னில் உட்கார்ந்திருக்கும். (எஸ்பிஐ என்றால் பேங்க் இல்லை, சீரியல் பஸ். ஒருவர் நிஜமாகவே கேட்டார்.)

5 வோல்ட் சென்சாரை 3.3 வோல்ட் போர்டுல நேரா மாட்டலாமா?

பவர் கொடுக்கலாம், சிக்னலை நேராக வாங்கக்கூடாது. எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட்டைத் தள்ளும், ஈஎஸ்பி32-க்கு அது ஆகாது. இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘நான் ஒரு வருஷமா நேரா மாட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகலை’ என்று சொல்பவர்கள் உண்டு. ஒன்று தாங்கும், நூறு செய்தால் எத்தனை திரும்பி வரும் என்பதுதான் நம் கவலை.

தொட்டிக்கு அந்த சென்சாரே வேண்டாம் என்பேன், மூடிக்கு அடியில் வேர்க்கிற நீரில் சீக்கிரம் செத்துவிடும். நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி நன்றாக உழைக்கும், ஆனால் அதற்கு முன்னால் 20-25 சென்டிமீட்டருக்குள் இருப்பது தெரியாது. தொட்டி நிரம்பும் நேரத்தில், அதாவது மிக முக்கியமான நேரத்தில், தண்ணீர் சரியாக அந்தக் குருட்டுப் பகுதிக்குள் வந்து நிற்கும். சென்சாரை உயர்த்தி வையுங்கள், அல்லது மேல் மட்டத்துக்குத் தனியாக ஒரு ஃபுளோட் ஸ்விட்ச் போடுங்கள்.

ஈஎஸ்பி32-ல பின் நிறைய இருக்கே, இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம்ல?

பார்க்கத்தான் நிறைய. நான் சொல்வது 2016-ல் வந்த முதல் ஈஎஸ்பி32 பற்றி, பின்னால் வந்த எஸ்3, சி3 வகைகளுக்குக் கணக்கு வேறு. இதில் 6 முதல் 11 வரை ஃபிளாஷுக்குப் போய்விட்டது, தொடாதீர்கள். 34 முதல் 39 வரை உள்ளே வாங்க மட்டும்தான், ரிலேயை இயக்க முடியாது, உள் புல்-அப்பும் கிடையாது. ஏடிசி (அனலாக் வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) இரண்டாவது வரிசைப் பின்களில் வைஃபை ஓடும்போது அனலாக் படிக்க முடியாது, இது தெரியாமல் சென்சார் கெட்டுப்போச்சு என்று புதுசு வாங்கியவர்களை நான் அறிவேன். 12-ஆம் பின்னை போர்டு எழும் நேரத்தில் ஹையில் (3.3 வோல்ட்டில்) வைத்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்னும்.

இன்னொன்று, எழும்போது சில பின்கள் தானாகவே கொஞ்ச நேரம் ஹை ஆகித் துடிக்கும். அந்தப் பின்னில் மோட்டார் ரிலேயை மாட்டினால் ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் மோட்டார் ஒரு உதை உதைத்துவிட்டு நிற்கும். மேஜையில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு போய்விடும் விஷயம், நிஜ மோட்டாரில் அப்படிப் போகாது. மேலே சொன்ன காகித வரைபடத்தை எதற்குப் போடச் சொன்னேன் என்று இப்போது புரியும்.

பேட்டரில எத்தனை நாள் வரும்னு எப்படிக் கணக்கு போடறது? டீப் ஸ்லீப்ல 10 மைக்ரோஆம்பியர்தானே எடுக்குது?

10 மைக்ரோஆம்பியர் எடுப்பது சிப். நீங்கள் வாங்கியது போர்டு. அதில் பவர் எல்இடி இருக்கிறது, யுஎஸ்பி சிப் இருக்கிறது, ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருக்கிறது. அந்த ரெகுலேட்டர் ஒன்றே சும்மா இருக்கும்போது சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்கும். எல்லாம் சேர்த்து 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

2000 மில்லிஆம்பியர்-மணி செல். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, 5 விநாடி வைஃபையில் பேசி, சராசரியாக 100 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்றால் நாளைக்கு 144 முறை, மொத்தம் 720 விநாடி, 20 மில்லிஆம்பியர்-மணி. தூங்குவதற்கு போர்டு எடுப்பதோ 10 பெருக்கல் 24, அதாவது 240. விழித்திருப்பதை விடத் தூக்கத்துக்கு 12 மடங்கு செலவு! எட்டாம் நாள் செல் காலி. அதே மாட்யூலைத் தனியாக எடுத்து நல்ல ரெகுலேட்டரோடு 20 மைக்ரோஆம்பியரில் தூங்க வைத்தால் கணக்கில் மூன்று மாதம் தாண்டும். ஆகவே டெவ் போர்டில் (சோதித்துப் பார்க்கவென்று விற்கும் முழு போர்டில்) பேட்டரி நாளைச் சோதித்துவிட்டு ‘இந்த சிப் ஆகாது’ என்று ஒதுக்காதீர்கள். தூக்க மின்னோட்டத்தையே முன்யோசனையோடு வடிவமைத்த போர்டுகளும் இருக்கின்றன, வாங்குமுன் அந்த எண்ணை மட்டும் தேடிப் பாருங்கள்.

மேஜைல சூப்பரா ஓடுது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ள வெச்சா காண்டாக்டர் அடிக்கும்போதெல்லாம் ரீசெட் ஆகுதுங்க.

வாழ்த்துகள், நிஜ உலகத்துக்கு வந்துவிட்டீர்கள். காண்டாக்டர் (மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெரிய ரிலே) காயில் விடும்போது எழும் ஸ்பைக், பிரெட்போர்டின் நீளக் கம்பிகளை ஏரியல் மாதிரிப் பிடித்து உள்ளே வந்துவிடுகிறது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெபாசிட்டரும் தொடராகப் போட்ட ஸ்னப்பர் (ஸ்பைக்கை விழுங்கும் சர்க்யூட்), ரிலே பக்கத்துக்குத் தனி பவர் சப்ளை, சிக்னலுக்கு ஆப்டோ (வெளிச்சத்தால் சிக்னல் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் சிப்), கம்பிகளைக் குட்டையாக முறுக்கிப் போடுவது, இவை முதலுதவி. புரோகிராம் தொங்கினால் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரையும் கட்டாயம் போடுங்கள்.

இதற்காக போர்டை மாற்றிப் பயனில்லை. எந்த பிராண்டை மாற்றினாலும் கம்பி கம்பிதான். மூன்றாவது கேள்விக்கு எந்த மாடுலர் போர்டும் பதில் சொல்லாது என்று மேலே சொன்னது இதைத்தான். ஆனால் இந்தச் சோதனையைச் சீக்கிரமே ஒருமுறை செய்துவிடுவது நல்லது. எவ்வளவு மோசம் என்று தெரிந்தால்தான் பிசிபி போடும்போது எங்கே காசு செலவழிக்க வேண்டும் என்று தெரியும். 230 வோல்ட், 415 வோல்ட் பக்கம் கை வைக்கும்போது எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வீரம் வேண்டாம்.

தோட்டத்துல வைஃபை இல்ல, சிம் மாட்யூல் போடறேன். சிக்னல் தேடும்போது போர்டே செத்துச் செத்துப் பிழைக்குது.

பவர்தான். சிம்800 மாதிரி 2ஜி மாட்யூல் டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு வேண்டியது 3.4 முதல் 4.4 வோல்ட். யுஎஸ்பியிலிருந்தோ போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தோ எடுத்தால் வோல்டேஜ் விழுந்து எல்லாமே ரீசெட் ஆகும். தனி பக் கன்வர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சப்ளை) போட்டு, மாட்யூலை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வையுங்கள்.

அதை விடப் பெரிய விஷயம், புதுப் பொருளை 2ஜியில் ஆரம்பிக்கலாமா என்பதே. ஜியோவில் 2ஜி கிடையாது, சிம்மைப் போட்டால் சிக்னலே காட்டாது. விலை கூடுதல்தான், இருந்தாலும் 4ஜி கேட்-1 மாட்யூலில் ஆரம்பியுங்கள். புரோட்டோடைப்பில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக விற்ற பிறகு வீடு வீடாகப் போய் மாட்யூல் மாற்றுவது தாங்காது.

ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, ஒரிஜினலான்னு எப்படித் தெரியும்?

எனக்கே நடந்தது. ஒரு ஆன்லைன் கடையில் பத்து பிஎம்இ280 வாங்கினேன், ஆறில் ஈரப்பதம் வரவே இல்லை. உள்ளே இருந்தது பிஎம்பி280, ஈரப்பதம் அளக்காத அதன் தம்பி. சிப் ஐடி ரிஜிஸ்டரைப் படித்தால் ஹெக்ஸ் 60 வந்தால் அண்ணன், 58 வந்தால் தம்பி. இப்போதெல்லாம் சரக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரிலும் நகல் ஏராளம்.

சென்னை ரிச்சி தெருவில் நேரில் வாங்குவதில் ஒரு சௌகரியம், கையில் எடுத்துப் பார்க்கலாம், மாற்றித் தரச் சொல்லி வாதாடலாம். ஆனால் எங்கே வாங்கினாலும் சரி, புரோட்டோடைப்பில் ஒரு அளவு சரியாக வரவில்லை என்றால் முதலில் சென்சார் நிஜமா என்று பாருங்கள், அப்புறம் கோடைத் திருத்துங்கள்.

மைக்ரோபைத்தான்ல எழுதலாமா, சி-தானா?

யோசனையைச் சோதிக்க மைக்ரோபைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிகோவில் ஒரு வரி மாற்றினால் அடுத்த நொடி ஓடும். மைக்ரோவிநாடிக் கணக்கில் டைமிங், பேட்டரி வாழ்நாள் என்று வந்தால் சி-க்குப் போங்கள். இரண்டையும் கலந்து பிழைப்பவர்களும் உண்டு.

ஆர்டுயினோ ஐடிஇ-ல எழுதின கோடையே விக்கற பொருள்ல போடலாமா? எல்லாரும் சிரிக்கறாங்க.

சிரிக்கட்டும், போடலாம். கவனிக்க வேண்டியது சில உண்டு. மில்லிஸ் (போர்டு எழுந்ததிலிருந்து ஓடிய மில்லிவிநாடி) எண்ணிக்கை 32 பிட், 49.7 நாளில் சுழன்று பூஜ்யத்துக்கு வரும். ‘இப்போதைய நேரம் கழித்தல் பழைய நேரம்’ என்று கழித்து எழுதியிருந்தால் ஒன்றும் ஆகாது, கூட்டி எழுதியிருந்தால் ஐம்பதாம் நாள் மோட்டார் நிற்காமல் ஓடலாம். மேஜையில் ஐம்பது நாள் யார் ஓட்டிப் பார்க்கிறார்கள்? ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டி வெட்டுவதும் சின்ன ரேமைத் துண்டு துண்டாக்கும்.

உரிமம் விஷயத்தை யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஆர்டுயினோ கோர் (அதன் அடிப்படைக் கோடு) எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. உங்கள் மூலக் கோடை வெளியிட வேண்டியதில்லை, ஆனால் வாங்கியவர் கோரை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ள வசதியாக ஆப்ஜெக்ட் ஃபைலையாவது கொடுக்க வேண்டும். ஈஎஸ்பி32 செய்யும் எஸ்ப்ரெசிஃப்பின் ஐடிஎஃப் அப்பாச்சி உரிமம், பிகோ எஸ்டிகே பிஎஸ்டி உரிமம், இரண்டும் அவ்வளவு கேட்காது. லைப்ரரிகளில் சில முழு ஜிபிஎல், அவற்றைத் தெரியாமல் இழுத்துவிட்டால் உங்கள் கோடும் அதன் பின்னால் போக வேண்டியிருக்கும்.

நான் கத்துக்கிட்டு எல்லாம் செஞ்சு முடிச்சதும் அந்த போர்டையே நிறுத்திட்டாங்கன்னா?

நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2011-ல் டாட்நெட் கேட்ஜட்டியர் என்று ஒன்று கொண்டுவந்தது, எழுத்துப் போட்ட சாக்கெட், பத்துப் பின் ரிப்பன் கேபிள், பார்க்க அவ்வளவு ஒழுங்கு. இன்று அதற்கு மாட்யூல் தேடினால் கிடைப்பது கஷ்டம். இன்டெல் 2014-ல் எடிசனைக் கொண்டுவந்தது, 2017-ல் நிறுத்திவிட்டது. அதன் 70 பின் கனெக்டருக்கென்று பிசிபி போட்டவர்களுக்கு அந்த இடத்தில் வேறு எதையும் வைக்க முடியவில்லை. பெரிய கம்பெனி என்பதால் காலம் முழுக்க வரும் என்று நம்ப வேண்டாம்.

கூட்டம் பெரிசாக இருக்கும் கனெக்டர் சாகாது. உனோவில் 7-க்கும் 8-க்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் தப்பாக, 4 மில்லிமீட்டராக இருக்கிறது பாருங்கள், மற்ற பின்களைப் போல 2.54 இல்லை. ஆரம்பத்தில் நடந்த பிசகு. திருத்தினால் அதுவரை வந்த ஷீல்டெல்லாம் வீணாகும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள், இன்றைக்கும் நியூக்ளியோ வரை அதைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். சிப்புக்கு எத்தனை வருஷம் உற்பத்தி உறுதி என்று கம்பெனிகள் பட்டியல் போடுகின்றன, அதையும் பாருங்கள். பட்டியலில் இருந்தும் கிடைக்காமல் போகலாம்: 2021 தட்டுப்பாட்டில் எஸ்டிஎம்32-க்கு விலை பல மடங்கு ஏறி, கோடை வேறு சிப்புக்கு மாற்றி எழுதியவர்கள் பலர். பின்னை நேராகத் தொடும் வரிகளை ஒரே ஃபைலில் ஒதுக்கி வைத்திருந்தவர்கள் ஒரு வாரத்தில் தப்பித்தார்கள். புது சிப்பில் அவசரமாக ஏறவும் வேண்டாம், 2024-ல் வந்த பிகோ 2-ன் முதல் பதிப்புச் சிப்பில் புல்-டவுன் (கீழே இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) போட்ட ஊசி சுமார் 2 வோல்ட்டில் ஒட்டிக்கொள்ளும் குறை இருந்தது. எர்ராட்டா (சிப்பின் குறைகளைச் சொல்லும்) தாளைப் படித்தவர்களுக்கு அது முன்பே தெரியும்.

ஐம்பது பீஸ்தான் வேணும். டெவ் போர்டையே பெட்டியில போட்டு வித்துடலாமா?

பத்து இருபது வீட்டில் சோதனைக்கு வைக்க, தாராளமாக. விற்பதற்கு என்றால் கனெக்டரைப் பற்றி யோசியுங்கள். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வெப்பநிலை அலாரம் வைத்தோம், எல்லாம் நாலு கம்பிக் கேபிளில் சொருகியது, பார்க்க லட்சணமாக இருந்தது. பண்ணை அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து கனெக்டர் ஊசிகளைப் பச்சை பிடிக்க வைத்துவிட்டன, இரண்டு மாதத்தில் அளவுகள் தாறுமாறு. பிடுங்கிச் சொருகினால் சரியாகும், மூன்று நாளில் மறுபடி வரும். தவறு என்னுடையதுதான், மேஜையில் சௌகரியமாக இருந்ததை அப்படியே பண்ணைக்குக் கொண்டுபோனேன்.

அனுமதி விஷயமும் இருக்கிறது. வைஃபை, புளூடூத் உள்ள பொருளை இந்தியாவில் விற்க மத்திய அரசின் ரேடியோ அனுமதிப் பிரிவான டபிள்யூபிசி-யின் இடிஏ ஒப்புதல் வேண்டும். மாட்யூலில் அமெரிக்க எஃப்சிசி எண் அச்சடித்திருப்பதைக் காட்டி ‘அதான் இருக்கே’ என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே சோதிக்கப்பட்ட, உலோக மூடி போட்ட மாட்யூலை எடுத்தால் சோதனை அறிக்கை கைவசம் இருக்கும், வேலை சுலபம். சொந்தமாக ஆன்டெனா வரைகிற ஆசையை இரண்டாவது பொருளுக்குத் தள்ளி வையுங்கள்.

அப்போ எந்தக் கட்டத்துல சொந்த பிசிபிக்குப் போகணும்? நேரா தாவிடலாமா?

நடுவில் ஒரு படி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிக் குதித்து விழுகிறார்கள். கேரியர் போர்டு என்பார்கள்: டெவ் போர்டை அப்படியே சொருக இரண்டு வரிசை சாக்கெட், அதைச் சுற்றி உங்கள் பவர் சப்ளை, ரிலே, ஸ்க்ரூ டெர்மினல் எல்லாம் உங்கள் சொந்த பிசிபியில். கம்பிச் சிக்கல் போய்விடும், காண்டாக்டர் சோதனையை நிஜ நிலையில் செய்யலாம், மூளை எரிந்தால் பிடுங்கிப் புதுசு சொருகலாம். அதில் ஒரு மாதம் ஓடித் தேறினால் அடுத்த பதிப்பில் சாக்கெட்டை எடுத்துவிட்டு மாட்யூலை நேராக சால்டர் செய்யுங்கள். ஆன்டெனாவுக்கு அடியில் செம்பு வராமல் காலியாக விடுங்கள், பெட்டி தகரமாக இருந்தால் வெளி ஆன்டெனா வகை மாட்யூலை எடுங்கள். பிகோ, நியூக்ளியோ போன்றவற்றின் வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அந்த வரைபடத்தைப் பார்த்து வரைவதில் வெட்கமில்லை.

பிசிபி வந்ததும் பழைய பிரெட்போர்டு செட்டப்பைக் கலைச்சிடலாம்ல? மேஜையில இடம் அடைக்குது.

கலைக்காதீர்கள். புது பிசிபியில் ஏதாவது ஓடவில்லை என்றால் அதே கோடைப் பழைய செட்டப்பில் ஏற்றிப் பாருங்கள். அங்கே ஓடினால் பிசிபியில் கோளாறு, அங்கேயும் ஓடவில்லை என்றால் கோடில் கோளாறு. இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு அட்டைப் பலகையில் எல்லாவற்றையும் ஒட்டி, கம்பி நிறத்தையும் பின் எண்ணையும் பேனாவால் எழுதி, பீரோ மேலே ஏற்றி வையுங்கள். என் பீரோ மேலே அப்படி ஒன்பது பலகை இருக்கிறது, ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டில் அதைத் தூக்கிப் போடச் சொல்லிச் சண்டை.